'ஆர்' விழுந்தால் துரை, 'ஜி' விழுந்தால் கூலி: ஆங்கில உச்சரிப்பில் மேல் கீழ் எங்கிருந்து வருகிறது?

கரிசல்காட்டான் (இழையைத் தொடங்கியவர்) · வெள்ளி, இரவு 9:40

2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் சமயத்தில் பிபிசியில் அலெக்ஸ் ஸ்காட் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தார். இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணியில் ஆடியவர், கிழக்கு லண்டன் பாப்லர்காரர். முன்னாள் அமைச்சர் டிக்பி ஜோன்ஸ் பிரபுவுக்கு அது பொறுக்கவில்லை. 'ஃபென்சின்', 'ரோயின்', 'பாக்ஸின்', 'ஸ்விம்மின்' என்று கடைசி 'ஜி'யை முழுங்குகிறாரே, இவர்களுக்கெல்லாம் யாராவது பேச்சுப் பயிற்சி கொடுக்கக் கூடாதா என்று ட்விட்டரில் கொட்டித் தீர்த்தார். ஸ்காட் விடவில்லை. நான் பாப்லரில் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவள், அதில் எனக்குப் பெருமைதான் என்று எழுதினார். சிலர் அவர் பக்கம், சிலர் பிரபு பக்கம்.

என்னைக் குடைவது வேறு. நூறு வருடத்துக்கு முன் அதே இங்கிலாந்தில் 'ஹண்டின், ஷூட்டின், ஃபிஷின்' என்று 'ஜி'யை முழுங்கியவர்கள் யார்? குதிரை ஏறி நரி வேட்டைக்குப் போன பிரபுக்கள். அன்று அது பரம்பரைப் பணத்தின் அடையாளம். பிரபு முழுங்கினால் மிடுக்கு, பாப்லர்காரி முழுங்கினால் படிப்பில்லாத பேச்சா?

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். 'சார், 'கார்'ல ஆர் வருமா வராதா, எது சரி?' என்று வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும். நானும் பாடப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். ஒரு ஒலிக்கு இந்த மதிப்பு எங்கிருந்து ஒட்டுகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைப்பாண்டி · வெள்ளி, இரவு 10:15

ஐயா, கேள்வி சுவாரசியம்தான். நான் சென்னையில் கால் சென்டர் பிள்ளைகளுக்குக் குரல், உச்சரிப்புப் பயிற்சி கொடுப்பவன். அந்த இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் 'எம்டிஐ' என்று ஒரு சொல் உண்டு. தாய்மொழி வாடை ஆங்கிலத்தில் அடிக்கிறது என்று அர்த்தம். ஆள் எடுக்கும் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் 'அதிகம்' என்று டிக் விழுந்தால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

முதல் நாள் ஒரு தாளைக் கிழித்து உதட்டுக்கு நேரே பிடிக்கச் சொல்லி 'பென்' என்று சொல்லச் சொல்வேன். வெள்ளைக்காரன் சொன்னால் தாள் ஆடும், நம் பிள்ளை சொன்னால் ஆடாது. நமக்கு அந்த இடத்தில் காற்று விட்டுப் பழக்கமில்லை. தாள் ஆடும் வரை விடமாட்டேன். அப்புறம் 'வி', 'டபிள்யூ' வித்தியாசம். அப்புறம் 'எம்' என்பதை 'யெம்' ஆக்காமல் இருப்பது.

இது அடிமைத்தனம் என்று எழுதப் பலர் வருவார்கள், தெரியும். அந்தப் பிள்ளைக்கு மாதச் சம்பளம் இதில்தான் வருகிறது. சரி தவறு எல்லாம் நீங்கள் பேசுங்கள். சந்தையில் எது போகிறதோ அதை நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நூலகப்பூனை · சனி, காலை 7:05

கரிசல் ஐயா 'ஆர்' பற்றிக் கேட்டதால் அங்கிருந்தே வருகிறேன். கொஞ்சம் நீளும்.

ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் பெரும்பாலும் எல்லோரும் 'ஆர்' சொன்னார்கள். லண்டன் பக்கம் அது மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1791இல் உச்சரிப்பு அகராதி போட்ட ஜான் வாக்கர், லண்டனில் 'கார்ட்', 'பார்ட்' எல்லாம் 'காஆட்', 'பாஆட்' போலக் கேட்கிறது என்று குறித்துவைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் அதுவே கனவான் பேச்சாகிவிட்டது. தேயாத இடங்களும் இருந்தன: ஸ்காட்லாந்து, அயர்லாந்து, தென்மேற்கு இங்கிலாந்து. இன்றைக்கும் ஆங்கில நாடகங்களில் விவசாயி, கடற்கொள்ளைக்காரன் வேடம் என்றால் தென்மேற்குப் பக்கத்து 'ஆர்'ரை உருட்டிப் பேசவைப்பார்கள். அங்கே 'ஆர்' சொல்பவன் பட்டிக்காட்டான்.

கடலைத் தாண்டினால் கதை தலைகீழ். பாஸ்டன், நியூயார்க், சார்ல்ஸ்டன், சவன்னா போன்ற துறைமுக ஊர்களுக்கு லண்டனோடு தொடர்பு அதிகம். அவையும் 'ஆர்'ரை விட்டன. ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பதிவுகளைக் கேளுங்கள், 'ஃபியர்' என்பதை 'ஃபியா' என்பார். நியூயார்க் மாகாணத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை, நாட்டின் அதிபர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காற்று திரும்பிவிட்டது. 'ஆர்' சொல்வது மரியாதை, விடுவது பழைய தெருப் பேச்சு என்று ஆனது.

இதை அளந்து பார்த்தவர் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ். 1962இல் நியூயார்க்கின் மூன்று கடைகளை எடுத்துக்கொண்டார். சாக்ஸ் பணக்காரர்களின் கடை, மேசிஸ் நடுத்தரம், எஸ். க்ளைன் மலிவு விலைக் கடை. நான்காம் மாடியில் என்ன பொருள் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வார். பிறகு கீழே வந்து விற்பனையாளரிடம், 'பெண்கள் காலணி எங்கே?' என்பது போல ஒரு கேள்வி. அவர் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்பார். இவர் காது கேளாதவர் போல 'என்ன?' என்பார். இரண்டாம் முறை அழுத்தித் திருத்தமாக 'ஃபோர்த் ஃப்ளோர்' வரும். இரண்டு சொல்லிலும் 'ஆர்' இருக்கிறது பாருங்கள். நகர்ந்துபோய் அவர் கண்ணில் படாத இடத்தில் நின்று குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். சாக்ஸில் 62 சதவீதம் பேர் ஏதாவது ஒரு இடத்திலாவது 'ஆர்' சொன்னார்கள், மேசிஸில் 51, க்ளைனில் சுமார் 20.

கவனியுங்கள், இவர்கள் எல்லோருமே விற்பனையாளர்கள். சாக்ஸ் ஊழியர் ஒன்றும் பணக்காரர் கிடையாது. வாசலில் வந்து இறங்குகிறவர்களின் பேச்சு அவர் வாயில் ஏறிவிட்டது.

ஆக, லண்டனில் 'ஆர்' விழுந்தால் உயர்வு, நியூயார்க்கில் விழுந்தால் தாழ்வு. இரண்டும் ஒரே ஆங்கிலம், ஒரே ஒலி. ஒலியில் எதுவும் இல்லை ஐயா, சொல்கிறவரின் பையில் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

தேம்ஸ்கரை · சனி, காலை 11:30

பூனையாரே, அருமை. இங்கிலாந்துப் பக்கம் நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

'பிபிசி இங்கிலீஷ்' என்று நாம் சொல்லும் அந்த உச்சரிப்பு எந்த ஊருடையதும் இல்லை. அது பள்ளிக்கூடத்துப் பேச்சு. ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ் 1917இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயரே 'பப்ளிக் ஸ்கூல்' உச்சரிப்பு. பப்ளிக் என்பதை நம்பிவிடாதீர்கள், ஈட்டன், ஹாரோ மாதிரி பணம் கட்டிப் படிக்கும் விடுதிப் பள்ளிகள் அவை. 1926இல்தான் 'ரிசீவ்ட்' என்று பெயரை மாற்றினார். சின்ன வயதிலேயே பிள்ளையை ஊரிலிருந்து பிடுங்கி விடுதியில் போட்டால் ஊர்ப்பேச்சு உதிர்ந்துவிடும். பத்துப் பதினைந்து வருடத்தில் யார்க்ஷயர் பையனும் கென்ட் பையனும் ஒரே மாதிரி பேசுவான். அதற்கு முன் இந்தக் கெடுபிடி இல்லை. பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் பேச்சில் லிவர்பூல் பக்கத்து வாடை கடைசி வரை இருந்ததாகச் சொல்வார்கள்.

அந்த 1926இல்தான் பிபிசியை நடத்திய ரீத் உச்சரிப்புக்கென்று ஆலோசனைக் குழுவும் போட்டார். முதலில் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைவர், பிறகு பெர்னார்ட் ஷா. ஷா டப்ளின்காரர் என்பது தமாஷ். போர் வந்தது, 1941இல் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த வில்ஃப்ரட் பிக்கிள்ஸைத் தேசியச் செய்தி வாசிக்க உட்காரவைத்தார்கள். அசல் யார்க்ஷயர் குரல். முடிக்கும்போது வடக்கத்தியவர்களுக்கு 'குட் நீட்' சொல்வார். ஜெர்மன்காரன் போலி ஒலிபரப்பு செய்தால் இந்தக் குரலைக் காப்பியடிக்க முடியாது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நாட்டுக்காகச் செய்த ஏற்பாடு! ஆனால் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. இந்தக் குரலில் கேட்டால் செய்தியை நம்பத் தோன்றவில்லை என்று வடக்கத்தியவர்களே சொன்னதாகக் கேள்வி. தன் ஊர்க்காரன் குரலைத் தானே நம்பாத நிலைக்கு ஒரு மக்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது அதுதான்.

அப்புறம் மார்கரெட் தாட்சர். லிங்கன்ஷயரில் கிரந்தம் என்ற ஊரின் மளிகைக்கடைக்காரர் மகள். சிறுவயதிலேயே பேச்சுப் பயிற்சி, அரசியலுக்கு வந்தபின் குரலைத் தாழ்த்த இன்னொரு பயிற்சி. ஊர் வாடை ஒரு துளி இல்லாமல் துடைத்துவிட்டார். 1983 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் டெனிஸ் ஹீலி மேல் கோபம் வந்தது. தேர்தல் என்றால் பயமா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் 'ஃப்ரிட்' என்று ஒரு சொல்லை வீசினார். 'பயந்துபோனவர்' என்பதற்கான லிங்கன்ஷயர் வட்டாரச் சொல். அத்தனை வருடப் பயிற்சியும் ஒரு கோபத்துக்குத் தாங்கவில்லை.

பட்டறைப்பாண்டி · சனி, பகல் 12:10

எல்லாம் சரி. ஆனால் 'எல்லா உச்சரிப்பும் சமம்' என்று சொல்லுமுன் ஒன்று கேட்கிறேன். சில உச்சரிப்பு இயற்கையாகவே காதுக்கு இனிமை, சிலது கரகரப்பு, இது இல்லையா? இங்கிலாந்துக்காரர்களே பர்மிங்காம் பேச்சு அசிங்கம் என்கிறார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் ஸ்காட்லாந்து, நியூகாசில் குரல்கள் நம்பிக்கையாக இருக்கிறது என்று அங்கேயே கால் சென்டர் வைக்கிறார்கள். வியாபாரி சும்மா செய்வானா?

நூலகப்பூனை · சனி, மாலை 4:48

பாண்டி, இந்தக் கேள்விக்குச் சோதனையே நடந்திருக்கிறது. ஹோவர்ட் கைல்ஸ், பீட்டர் ட்ரட்கில் முதலான ஆய்வாளர்கள் 1970களில் செய்தார்கள். கிரேக்க மொழியில் ஏதென்ஸ் பேச்சு உயர்ந்தது, கிரீட் தீவுப் பேச்சு மட்டம் என்று கிரேக்கர்கள் அடித்துச் சொல்வார்கள். இரண்டையும் பதிவு செய்து, கிரேக்கம் ஒரு எழுத்து தெரியாத பிரிட்டிஷ்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எது இனிமை, எது படித்தவர் பேச்சு என்று கேட்டால் அவர்களுக்கு வித்தியாசமே படவில்லை. இனிமை ஒலியில் இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டுமே? பர்மிங்காம் பேச்சும் அப்படித்தான், அந்த ஊரைப் பற்றி எதுவும் தெரியாத வெளிநாட்டுக் காதுக்கு அதில் அசிங்கம் எதுவும் கேட்பதில்லை. பிரிட்டிஷ்காரருக்கு அந்தக் குரலோடு தொழிற்சாலைப் புகையும் சேர்ந்து கேட்கிறது.

நியூகாசில் விஷயத்தில் வியாபாரி கணக்கு சரிதான். அந்தக் கணக்கும் ஊரைப் பற்றிய எண்ணத்தை வைத்துப் போட்டதுதானே? 'உழைப்பாளி, வெள்ளந்தி, ஏமாற்றமாட்டான்' என்று ஒரு படம். அந்தக் குரலை வைத்து வங்கியின் வாடிக்கையாளர் சேவை நடத்துவார்கள். வங்கித் தலைவர் நாற்காலிக்கு ஆள் தேடும்போது அதே குரலைத் தேடுவார்களா?

மிச்சிகன்குளிர் · சனி, இரவு 11:52 (எங்களுக்கு இன்னும் பகல்தான்)

அமெரிக்காவில் இது வர்க்கத்தோடு நிற்கவில்லை, நிறமும் சேர்கிறது.

நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஆன் ஆர்பர். அங்கே மார்ட்டின் லூதர் கிங் பெயரிலேயே ஒரு தொடக்கப்பள்ளி. பக்கத்தில் இருந்த அரசுக் குடியிருப்பிலிருந்து வந்த கறுப்பினப் பிள்ளைகளைக் கற்றல் குறைபாடு என்று ஒதுக்கினார்கள். தாய்மார்கள் 1977இல் வழக்குப் போட்டார்கள். 1979இல் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர், பிள்ளைகள் வீட்டில் பேசும் ஆங்கிலத்தை ஆசிரியர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும், அதற்குப் பயிற்சி கொடுங்கள் என்று பள்ளி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டார்.

வீட்டில் பேசும் ஆங்கிலம் என்றால் 'கொச்சை' என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். 'ஹி வொர்க்கிங்' என்றால் இந்த நேரம் வேலையில் இருக்கிறான். 'ஹி பி வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவன். இந்த வேறுபாட்டை இந்தப் பேச்சு 'பி' என்ற ஒற்றைச் சொல்லில் காட்டிவிடுகிறது. ஜானிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் குழந்தைகளை வைத்துச் சோதித்தார். குக்கி மான்ஸ்டர், எல்மோ இரண்டும் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பொம்மைகள், எப்போதும் பிஸ்கட் தின்பது குக்கி மான்ஸ்டர். படத்தில் குக்கி மான்ஸ்டர் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறது, எல்மோ பிஸ்கட் தின்கிறது. 'ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்?' என்று கேட்டார். வெள்ளையினக் குழந்தைகள் எல்மோவைக் காட்டின. கறுப்பினக் குழந்தைகள் படுத்திருந்த குக்கி மான்ஸ்டரைக் காட்டின. எப்போதும் தின்பது அதுதானே! இலக்கணமே இல்லாத பேச்சு என்றால் அத்தனை சின்னப் பிள்ளைகள் ஒரே பதிலைச் சொல்லமாட்டார்கள்.

1996 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து பள்ளி வாரியம், இந்தப் பேச்சை அடித்தளமாக வைத்துப் பொது ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. 'தெருப் பேச்சைப் பாடமாக்குகிறார்கள்' என்று தொலைக்காட்சியில் ஒரே கூச்சல். அடுத்த மாதமே அமெரிக்க மொழியியல் சங்கம் வாரியத்துக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. அதை யார் கேட்டார்கள்?

வீட்டு வாடகைக் கதை இன்னும் மோசம். ஜான் பாஹ் கறுப்பினப் பேராசிரியர், மொழியியலாளர். பாலோ ஆல்டோ பக்கம் வீடு தேடும்போது தொலைபேசியில் பேச்சு சுமுகமாகப் போகும், நேரில் போனால் வீடு காலியில்லை. தொலைபேசியில் அவர் பேராசிரியர் குரலில் பேசியதால் வந்த குழப்பம். அதையே ஆராய்ச்சி ஆக்கினார். ஒரே ஆள், மூன்று உச்சரிப்பு: பொது அமெரிக்கன், கறுப்பின ஆங்கிலம், மெக்சிக வம்சாவளியினரின் ஆங்கிலம். வீட்டுக்காரர்களுக்கு அழைப்பு போனது. வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில் பின்னிரண்டு குரலுக்கும் வீடு பார்க்க வரச்சொல்வது நன்றாகக் குறைந்தது. அவர் குழு 1999இல் வெளியிட்ட கட்டுரைப்படி, ஒரு 'ஹலோ' போதும், பெரும்பாலானோர் எந்தக் குழு என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பாண்டி அண்ணா, நீங்கள் கேட்ட சந்தை இதுதான்.

பட்டறைப்பாண்டி · ஞாயிறு, காலை 9:20

தம்பி, அந்தக் கதையிலேயே எனக்கு ஆதரவும் இருக்கிறது. அந்தப் பேராசிரியர் பேராசிரியர் குரலில் பேசியதால்தான் வாசல் வரையாவது போக முடிந்தது. நான் சொல்லிக்கொடுப்பது அந்தக் குரலைத்தான்.

மிச்சிகன்குளிர் · ஞாயிறு, காலை 9:41

வாசல் வரை போனார், வீடு கிடைக்கவில்லையே அண்ணா.

வல்லைவெளி · ஞாயிறு, பகல் 1:15

நான் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்துப் பிறப்பு. இவ்வளவு நேரமும் உயர்ந்த பேச்சு, தாழ்ந்த பேச்சு என்று ஒரு ஏணியாகவே கதைக்கிறீர்கள். ஏணியில் ஏறுவதற்காக மட்டும் மனிசர் பேசுவதில்லை. தன் ஆட்களோடு நிற்பதற்கும்தான்.

என் மகனும் அவன் கூட்டாளிகளும் பேசுவதைக் கேட்டால் ஜமைக்கா, நைஜீரியா, வங்காளம், நாங்கள் எல்லாரும் அதற்குள் இருக்கிறோம். 'நான்' என்பதற்குப் பதிலாக 'மேன்' என்பான். வசனம் முடிய முன்னம் 'இனிட்' ('இல்லையா?') வந்து விழும். ஜெனி செஷயர், பால் கெர்ஸ்வில் என்ற இரண்டு மொழியியலாளரும் லண்டன் ஹாக்னியில் இளையவர்களின் பேச்சை 2004 தொடக்கம் பதிவு செய்து இதை ஒரு தனி வழக்காக விவரித்தார்கள். பல இனப் பிள்ளைகள் ஒரே தெருவில் வளர்ந்ததில் வந்தது, வெள்ளைப் பிள்ளைகளும் இதைத்தான் பேசுகிறார்கள். 2013இல் தெற்கு லண்டன் பள்ளி ஒன்று 'இனிட்', 'எயின்ட்', 'நிறைய' என்ற அர்த்தத்தில் வரும் 'பெயர்' (bare) எல்லாவற்றையும் தடை செய்து சுவரில் பட்டியல் ஒட்டியது. பிள்ளைகள் வெளி வாசலைத் தாண்டினால் என்ன பேசுவார்கள் என்று தெரியாதா?

மகனுக்கு இரண்டு நாக்கு. வேலைக்கான நேர்காணல் என்றால் சுத்தமான குரல் வரும். அதே குரலில் கூட்டாளியிடம் பேசினால் 'யார் நீ?' என்பார்கள். பாண்டி அண்ணை, நீங்கள் முதல் குரலுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறீர்கள். இரண்டாவது போனால் ஒரு பிள்ளைக்கு என்ன நட்டம் என்று உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

நூலகப்பூனை · ஞாயிறு, மாலை 3:30

அக்கா சொன்னதற்கு நல்ல சாட்சி மார்த்தாஸ் வினியார்ட் தீவு. அமெரிக்கக் கிழக்குக் கரை, மாசசூசெட்ஸ். லபோவ் நியூயார்க் கடை ஆய்வுக்கு முன் 1961இல் அங்கே போனார். நிரந்தரமாக இருப்பவர்கள் சுமார் ஆறாயிரம், கோடையில் வந்து இறங்குபவர்கள் 40,000க்கும் மேல். கரையோர நிலத்தை எல்லாம் வந்தவர்கள் வாங்கிக்கொண்டிருந்த காலம்.

'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களில் தீவுக்காரர்களுக்கு ஒரு பழைய உயிரொலி உண்டு, வாயின் நடுவில் வைத்துச் சொல்வார்கள். அது அழிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் 31 முதல் 45 வயதுக்காரர்களிடம் கூடியிருந்தது. கிழவர்களைவிட அதிகம்! அதிலும் சில்மார்க் பகுதி மீனவர்களிடம் உச்சம். தீவை விட்டுப் போக நினைத்த இளைஞர்களிடம் குறைவு. இங்கேதான் இருப்பேன் என்றவர்களிடம் அதிகம்.

அதில் ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும். அவன் முன்பெல்லாம் இப்படிப் பேசமாட்டான், கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் இப்படி, படகுத்துறை ஆட்களைப் போல இருக்க ஆசைப்பட்டான் போல என்கிறார். கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு மீனவர் உச்சரிப்பைத் தேடி எடுத்துக்கொண்டவன்! பாண்டியின் சந்தைக் கணக்கில் இவன் எங்கே வருவான்?

ட்ரட்கில் தன் சொந்த ஊர் நாரிச்சில் இதையே வேறு விதமாகக் கண்டார். நீங்கள் எப்படி உச்சரிக்கிறீர்கள் என்று கேட்டால் பெண்கள் பலர் தாங்கள் உண்மையில் பேசுவதைவிட உயர்த்திச் சொன்னார்கள். ஆண்கள் பலர் தாழ்த்திச் சொன்னார்கள். திருத்தமாகப் பேசும் ஆணே, இல்லை, நான் நம்ம ஊர் ஆட்கள் மாதிரிதான் பேசுவேன் என்கிறான். வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு மதிப்பு அந்தப் பேச்சுக்கு இருக்கிறது.

கரிசல்காட்டான் · ஞாயிறு, இரவு 8:05

இதைப் படித்தால் அரசியல்வாதிகள் ஞாபகம் வருகிறது. 2013இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பார்ன் கென்ட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிடங்குத் தொழிலாளர்கள் முன் பேசும்போது திடீரென்று 'வான்னா', 'பிரிட்டிஷ்' என்பது 'பிரிடிஷ்' என்று குரல் இறங்கிவிட்டது. செயின்ட் பால்ஸ் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் முடித்தவர். பத்திரிகைகள் கிழித்தன. மேலே ஏறினால் பயிற்சி, கீழே இறங்கினால் வேஷம் என்கிறார்கள். வேடிக்கைதான்.

தேம்ஸ்கரை · ஞாயிறு, இரவு 8:50

ஏணியும் இல்லை, வேஷமும் இல்லை, உயிர்ப் பிரச்சினையாகவே இருந்த இடம் வட அயர்லாந்து. ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தின் பெயர் என்ன? 'எய்ச்' என்றால் புராட்டஸ்டன்ட் பள்ளியில் படித்தவர், 'ஹெய்ச்' என்றால் கத்தோலிக்கப் பள்ளி. எல்லோரும் அப்படியே இல்லைதான், ஆனால் பெல்ஃபாஸ்டில் பொதுவாக அப்படித்தான் பார்ப்பார்கள். கலவரக் காலத்தில் தெரியாத ஆட்கள் இருட்டில் நிறுத்தி எழுத்துகளை ஒப்பிக்கச் சொன்னால் என்ன சொல்வது? நம் ஊரில் பலர் 'ஹெச்' என்றுதான் சொல்கிறோம், லண்டனில் ஒரு கூட்டத்தில் நான் அப்படிச் சொன்னபோது பக்கத்தில் இருந்த ஆங்கிலேயர் முகத்தைச் சுளித்தார். எனக்குப் போனது அவ்வளவுதான், ஒரு முகச்சுளிப்பு.

வல்லைவெளி · ஞாயிறு, இரவு 10:02

பைபிளில் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரம். யோர்தான் துறையில் எதிரிகளைக் கண்டுபிடிக்க, வருபவர்களை நிறுத்தி 'ஷிபோலேத்' சொல்லச் சொன்னார்கள், 'சிபோலேத்' என்றவனை வெட்டினார்கள், 42,000 பேர் என்று எழுதியிருக்கிறது. எங்களுக்கு அது பழங்கதை இல்லை. 83இல் கொழும்பில் 'வாளி' என்பதற்குச் சிங்களத்தில் உள்ள சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்ததை எங்கட வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உச்சரிப்பு என்றால் எனக்கு முதலில் வருவது அந்த ஞாபகம்தான். இங்கே அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

மட்டுறுத்துநர் · திங்கள், காலை 6:30

83 பற்றிப் பேச ஈழ வரலாற்றுப் பகுதியில் தனி இழை இருக்கிறது. அங்கே தொடருங்கள். இதற்குக் கீழே வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், காரணம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

பட்டறைப்பாண்டி · திங்கள், காலை 11:18

வல்லைவெளி அக்கா, உங்கள் 'கட்டம் இல்லை' என்ற வரி ஊசி மாதிரிதான் இறங்கியது. இருந்தாலும் என் பக்கம் நான் சொல்லியாக வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைக்கு விருதுநகர் பக்கம் வீடு, முதல் தலைமுறைப் பட்டம். அவனிடம் போய் 'ஒலியில் எதுவும் இல்லை தம்பி, பையில் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம்' என்று பூனையார் வசனத்தைச் சொல்லலாம். அவன் பையில் ஒன்றும் இல்லையே. அதற்காகத்தானே என்னிடம் வருகிறான்?

இன்னொன்று. இப்போது பேசும்போதே உச்சரிப்பை மாற்றிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்துவிட்டது. இவன் சென்னையில் தன் பாணியில் பேசுவான், டெக்சாஸில் கேட்பவருக்கு அமெரிக்கன் மாதிரி விழும். தாளும் வேண்டாம், நானும் வேண்டாம். பூனையார் சந்தோஷப்படுவார்.

நூலகப்பூனை · திங்கள், பகல் 2:44

சந்தோஷம் எங்கே பாண்டி? அவன் குரலை அழித்துவிட்டுத்தானே அந்தப் பக்கம் அனுப்புகிறது. உங்களிடம் படித்தால் அவனுக்கு ஒரு குரல் கூடுதலாகச் சேரும், அவன் வேலை மாறினாலும் கூடவே வரும். மென்பொருள் முதலாளியுடையது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் உங்கள் தாள் பக்கம்தான்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் படிவத்தில் 'தாய்மொழி வாடை' என்று இருப்பதைக் 'கேட்பவருக்குப் புரிகிறதா' என்று மாற்றிப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்கள் என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

பட்டறைப்பாண்டி · திங்கள், மாலை 5:10

படிவம் வாடிக்கையாளர் கொடுப்பது, நான் மாற்ற முடியாது. பயிற்சி முடிவில் நானே போடும் மதிப்பெண் தாளில் வேண்டுமானால் மாற்றலாம். பார்க்கிறேன்.

கரிசல்காட்டான் · திங்கள், இரவு 9:00

கடைசியாக ஒரு கேள்வி. அங்கே குரலை வைத்து ஒருவரை வேலைக்கு எடுக்காவிட்டால் சட்டம் எதுவும் இல்லையா? தேம்ஸ்கரை, உங்களுக்குத் தெரிந்திருக்குமே.

தேம்ஸ்கரை · செவ்வாய், அதிகாலை 1:25

ஐயா, பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டம் இருக்கிறது. வயது, மாற்றுத்திறன், இனம், மதம், பாலினம் என்று ஒன்பது அடிப்படைகளில் பாகுபாடு கூடாது என்கிறது. உச்சரிப்பு அந்த ஒன்பதில் இல்லை, வர்க்கமும் இல்லை. என்னையோ வல்லைவெளி அக்காவையோ 'உங்கள் ஆங்கிலத்தில் தமிழ் வாடை' என்று ஒதுக்கினால் அது இனத்தின் கீழ் வரும் என்று வாதாட இடம் உண்டு. பர்மிங்காமில் பிறந்து வளர்ந்த வெள்ளையரை அவர் குரலுக்காக ஒதுக்கினால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிரிவும் இல்லை. அலெக்ஸ் ஸ்காட்டின் 'ஜி'யும் அப்படித்தான், தொழிலாளி வீட்டுப் பேச்சு என்ற காரணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

வல்லைவெளி · செவ்வாய், காலை 7:48

அதுதான் என் மகனின் கூட்டாளிகளில் வெள்ளைப் பிள்ளைகள் பாவம் என்று சொல்வேன். நேர்காணலில் 'இனிட்' வாய் தவறி வந்தால் எங்கட பிள்ளையை 'இன்னும் பழகவில்லை' என்று மன்னிப்பார்கள், அவனை 'வளர்ப்பு சரியில்லை' என்பார்கள். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே 'இனிட்'.